பின்னே வரும் பாரம்



நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. அவ்வூர்களின் ஓட்டுநர்களை இன்று இந்தியாவின் பெருஞ்சாலைகள் பலவற்றிலும் காணலாம். அவர்களையன்றி, மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் சிறு பட்டறை நடத்துவோர், வாடகைக்கு வண்டி ஓட்டுவோர், பழுதான வண்டிகளை மீட்டுக் கொணர்வோர் எனச் சாலையை நம்பி வாழும் தமிழர் பலர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவர்கள் எல்லோருக்கும் உரியது. பழைய பிக்கப் வண்டி ஒன்றின் பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டி, அந்த டிரெய்லரின்மேல் ஒரு காரை ஏற்றி, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பழுதின்றிக் கொண்டுசெல்வது எவ்வாறு என்பதே அது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இஃது அன்றாடக் காட்சி. நம் நாட்டில் கார்களைப் பெரும்பாலும் தட்டையான தளமுடைய லாரியின் மேலேற்றியே கொண்டுசெல்கின்றனர். ஆயினும் பந்தயக் கார் வைத்திருப்போரும், பழங்காலக் கார்களைப் பேணுவோரும், பட்டறைக்காரர்களும் டிரெய்லரை நாடுகின்றனர். இருக்கும் பழைய பிக்கப்பே போதுமே, லாரி வாடகை எதற்கு என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணம் சரியா என்பதை வண்டியின் விலையைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எடையைக் கொண்டும் பிரேக்கைக் கொண்டுமே முடிவு செய்தல் வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்வோம். வண்டியால் இழுக்க முடிவது வேறு. நிறுத்த முடிவது வேறு. பழைய டீசல் எஞ்சின் ஒன்று, தாழ்ந்த கியரில், தன் எடைக்கு மேற்பட்ட பாரத்தையும் சமதளத்தில் நகர்த்திவிடும். அது நகர்வதைக் கண்டு, "வண்டி இழுக்கிறது, போகலாம்" என்று புறப்படுவோர் பலர். ஆனால் இறக்கத்தில் அந்தப் பாரத்தைத் தாங்கவேண்டியது எஞ்சின் மட்டுமன்று. பிரேக், டயர், ஸ்பிரிங், சேஸிஸ், இணைப்புக் கொக்கி ஆகிய எல்லாமும் தாங்கவேண்டும். இவற்றுள் எது மிக நலிந்ததோ, அதன் வலிமையே முழு வண்டியின் வலிமை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். ஓட்டுநரும் எரிபொருளும் சேர்ந்து பிக்கப்பின் எடை 1,700 கிலோ என்க. ஏற்றவேண்டிய சிறு கார் 1,200 கிலோ. வெறும் டிரெய்லர் 600 கிலோ. ஆகப் பின்னே வருவது 1,800 கிலோ. மொத்தம் 3,500 கிலோ. இழுக்கும் வண்டியைவிட இழுபடும் பாரமே மிகுதி என்பதைக் கவனிக்க. இத்தகைய பாரத்தை அந்த வண்டி இழுக்கலாமா என்பதற்கு விடை, வண்டியைச் செய்தவர் கையேட்டிலும் எடைத் தகட்டிலும் குறித்திருக்கும் அளவில் உள்ளது. பின்வண்டியின் உச்ச எடை, இரு வண்டியும் சேர்ந்த உச்ச எடை, பின் அச்சு தாங்கும் எடை ஆகிய மூன்றையும் பார்த்தல் வேண்டும். இழுவை அளவே குறிக்கப்படாத வண்டியாயின் அதனைக் கொண்டு டிரெய்லர் இழுக்காதிருப்பதே முறை. குறித்த அளவும் வண்டி புதிதாக இருந்த நாளைக்கு உரியது. பதினைந்து இருபது ஆண்டு உழைத்து, உப்புக்காற்றிலும் மழைநீரிலும் நின்ற வண்டிக்கு அந்த அளவை முழுதும் பயன்படுத்துவது அறிவுடைமையாகாது.

நெடுஞ்சாலை ஓரங்களில் எடை மேடைகள் உள்ளன. புறப்படுமுன் அங்கே ஒருமுறை வண்டியை நிறுத்தி எடை காண்பது சிறு செலவு. பிக்கப்பைத் தனியாகவும், காரேற்றிய டிரெய்லரைத் தனியாகவும், இரண்டையும் சேர்த்தும் எடை பார்த்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. காரினுள்ளே தட்டுமுட்டுச் சாமான்களை அடைத்திருந்தால் அந்த எடையும் அப்போது வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, பாரத்தை எங்கே வைப்பது என்பது. இதனை நம் நாட்டு வண்டிக்காரர்கள் நெடுங்காலமாக நன்கு அறிவர். இரட்டை மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லரும் இரட்டைச் சக்கர வண்டியைப் போன்றதே. அதன் ஏர்க்கால் மாட்டின் கழுத்தில் அமர்வதற்குப் பதிலாகப் பிக்கப்பின் பின்புறமுள்ள இணைப்புக் குண்டின்மீது அமர்கிறது, அவ்வளவே வேறுபாடு.

டிரெய்லருக்கு அளவான முன்பாரம் இன்றியமையாதது. அமெரிக்க வழக்கில், டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு ஏர்க்காலின் நுனியில் அமரவேண்டும் என்பர். நம் எடுத்துக்காட்டில் அது 180 முதல் 270 கிலோ வரை ஆகும். ஐரோப்பிய வழக்கில் இதனினும் குறைந்த அளவே கொள்வர். அங்கே பின்வண்டிகளுக்கு வேக வரம்பும் பொதுவாகக் கடுமையானது. எவ்வழக்காயினும், கொக்கியையும் வண்டியையும் செய்தவர் குறித்த உச்சத்தை மீறலாகாது.

முன்பாரம் குறைந்து பின்பாரம் மிகுந்தால் நேர்வது என்ன? பக்கவாட்டில் ஒரு காற்று மோதுகிறது; அல்லது பெரிய பேருந்து ஒன்று விரைந்து முந்திச் செல்கிறது. டிரெய்லரின் வால் சற்று விலகுகிறது. முன்பாரம் உள்ள டிரெய்லர் அம்பு போலத் தானே நேராகிவிடும். பின்பாரம் உள்ளதோ, விலகிய பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஆடி, மீண்டும் முன்னைவிட மிகுதியாக ஆடி, பாம்பு நெளிவதுபோல் நெளியத் தொடங்கும். குறைந்த வேகத்தில் இந்த ஆட்டம் தானே அடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்துவிட்டாலோ, ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிப் பிக்கப்பின் பின்பகுதியையும் தன்னோடு இழுத்துச் சாலையின் குறுக்கே திருப்பிவிடும். எதிரே வருவோர் எத்தவறும் செய்யாதவர். ஆயினும் அடிபடுவது அவர்களே.

முன்பாரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீட்டில் ஆள் எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றும், உறுதியான பலகை ஒன்றும், செங்கல் ஒன்றும் போதும். பலகையின் ஒருமுனையைச் செங்கல்லின்மேலும் மறுமுனையைத் தராசின்மேலும், இரண்டுக்கும் நடுவே மூன்றடி இருக்குமாறு வைக்க. தரை சமமாகவும், பலகை மட்டமாகவும், டிரெய்லரின் சக்கரங்கள் கட்டை வைத்துத் தடுக்கப்பட்டும் இருத்தல் வேண்டும். செங்கல்லிலிருந்து ஓரடி, தராசிலிருந்து ஈரடி தொலைவில் பலகையின்மேல் ஏர்க்காலின் நுனியை இறக்கினால், தராசு காட்டுவது உண்மை எடையில் மூன்றில் ஒரு பங்கு. காட்டிய எடையை மூன்றால் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும். 67 கிலோ காட்டினால் முன்பாரம் ஏறக்குறைய 200 கிலோ. பலகையின் சொந்த எடையை முதலிற் கழித்துவிட வேண்டும்.

அளவு குறைந்தாலோ மிகுந்தாலோ காரை டிரெய்லரின்மேல் சற்று முன்னோ பின்னோ நகர்த்தித் திருத்தலாம். எவ்வளவு நகர்த்துவது? ஏர்க்கால் நுனிக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் இருப்பின், 1,200 கிலோ காரை 10 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால் முன்பாரம் 30 கிலோ கூடும். ஒரு சாண் அளவுகூட இல்லாத நகர்வு இவ்வளவு மாற்றத்தைச் செய்கிறது. ஆதலின் கண்ணளவை நம்பாமல், சரியான இடம் கிடைத்ததும் டிரெய்லரின் தளத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டுவைப்பது நலம். எஞ்சின் முன்புறமுள்ள காரை முன்முகமாகவே ஏற்றினால் முன்பாரம் எளிதிற் கிட்டும்.

முன்பாரத்தை மிகுத்துவிட்டால் பாதுகாப்பு மிகுமோ என்றால், அதுவும் இல்லை. இணைப்புக் குண்டு பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் என்க. குண்டின்மேல் 200 கிலோ அமர்ந்தால், பின் அச்சில் ஏறுவது 200 கிலோ அன்று, 280 கிலோ. மேலே கூடிய 80 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து வந்தது. நெம்புகோல் போலப் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்புகிறது. முன் சக்கரங்களே திசைமாற்றுபவை; தடுப்பதில் பெரும்பங்கு ஏற்பவையும் அவையே. அவற்றின்மீதுள்ள எடை குறைந்தால், மழைநாளில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாது. முகப்பு விளக்கின் ஒளி மேலே எழும்பி எதிர்வருவோரின் கண்ணைக் கூசச்செய்யும். பின் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்த பழைய வண்டியில் இவையனைத்தும் இருமடங்காகத் தோன்றும்.

இனிப் பழைய வண்டியில் சிறப்பாகப் பார்க்கவேண்டியவற்றைச் சொல்வோம்.

முதலாவது துரு. கொக்கி பூட்டப்பட்டிருக்கும் இடத்தில் சேஸிஸைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டும்போது கணீரென்ற ஒலி வரவேண்டும். மங்கிய ஒலியும் உதிரும் செதிளும் ஆபத்தின் அறிகுறி. கொக்கியைப் பின்பக்க பம்பரில் மட்டும் பற்றவைத்து ஓட்டுவது பெருந்தவறு. அது சேஸிஸின் இரு சட்டங்களோடும் உரிய தரத்துப் போல்ட்டுகளால் பிணைக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது பிரேக். பின்சக்கர டிரம்களைக் கழற்றிப் பார்க்காமல் பயணம் புறப்படலாகாது. லைனிங் தேய்ந்துள்ளதா, எண்ணெய் கசிந்துள்ளதா, ரப்பர்க் குழாய்கள் வெடித்துள்ளனவா என்று காண்க. பிரேக் திரவத்தைப் பற்றிப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகைத் திரவம் புதியதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது இருக்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அதே வகைக்கு விதிக்கப்பட்ட அளவு 140 பாகை மட்டுமே. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் தோன்றும். ஆவி எளிதில் அமுங்குவது. ஆதலால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. ஈராண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றும் சிறு செலவு இதற்கு மருந்து.

மூன்றாவது டயர். பிக்கப்பின் டயர் ஓடித் தேயும்; டிரெய்லரின் டயர் ஓடாமல் கெடும். ஆண்டில் பத்துநாள் ஓடி மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்பதால், பட்டன் தேயாமலிருக்கவே பக்கச்சுவர் வெடித்துவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வயது முதிர்ந்ததை, பார்வைக்குப் புதிதாயினும், நீக்கிவிடுக. காற்றைக் குளிர்ந்த நிலையில், குறித்த அளவுக்கு நிரப்புக. மாற்று டயர் பிக்கப்புக்கு ஒன்றும் டிரெய்லருக்கு ஒன்றும் தனித்தனியே வேண்டும்.

நான்காவது குளிர்விப்பு. இரட்டிப்புப் பாரத்தோடு ஏற்றம் ஏறும் எஞ்சின் இரட்டிப்பு வெப்பத்தை வெளியேற்றவேண்டியதாகிறது. ரேடியேட்டரின் உள்ளே படிந்த உப்பும் வெளியே படிந்த தூசும், தளர்ந்த விசிறி பெல்ட்டும், நகர ஓட்டத்தில் தம் குறையைக் காட்டா, மலையேற்றத்திலேதான் காட்டும். கிளட்ச் வழுக்குகிறதா என்பதையும் புறப்படுமுன் ஒரு மேட்டில் சோதித்தறிக.

வண்டி தகுதியுடையது என்று கண்டபின், இணைப்புக்கு வருவோம். குண்டும் அதனைக் கவ்வும் கிண்ணமும் ஒரே அளவினவாக இருக்கவேண்டும். வெவ்வேறு நாட்டு அளவுகளில் செய்த குண்டுகள் கடைகளில் கலந்து கிடைக்கின்றன, 47.6 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர், 50.8 மில்லிமீட்டர் என்பவை கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பெரிய கிண்ணம் சிறிய குண்டின்மேல் பூட்டியதுபோலவே அமர்ந்திருக்கும். முதற் பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். ஆகையால் எண்ணைப் படித்துப் பொருத்துக. பூட்டியபின் ஏர்க்காலிலுள்ள ஜாக்கியைக் கொண்டு அதனைச் சற்று உயர்த்திப் பாருங்கள். கிண்ணம் குண்டை விடாமல் பிக்கப்பின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கினால் பூட்டு உறுதி. பின்னர் பூட்டு ஊசியைச் செருகுக.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டு வேண்டும். அவற்றை ஏர்க்காலின் கீழே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லுமாறு மாட்டவேண்டும். அப்போதுதான் இணைப்பு கழன்றாலும் ஏர்க்கால் தரையிற் குத்தாமல், தொட்டிலில் விழுவதுபோல் அச்சங்கிலிகளின்மேல் விழும். வளைவில் திரும்புவதற்குப் போதிய தளர்ச்சி இருத்தல் வேண்டும். தரையில் இழுபடும் அளவுக்கு இருத்தலாகாது. டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டெனில், அது கழன்று போனால் தானே பிரேக் பிடிக்கச் செய்யும் சிறு கம்பிவடத்தைப் பிக்கப்பின் சேஸிஸில் மாட்டுக. நம் எடுத்துக்காட்டைப் போல 1,800 கிலோ எடையுள்ள டிரெய்லர் தனக்கென பிரேக் இல்லாமல் சாலைக்கு வரலாகாது என்பது நம் உறுதியான கருத்து.

காரைக் கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறோ நைலான் கயிறோ உதவா. தாங்கும் எடை அச்சிடப்பட்ட, இறுக்கும் பிடியுள்ள பட்டைவார்களே வேண்டும். நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாகக் கட்டுக. சக்கரங்களை டிரெய்லரோடு சேர்த்துக் கட்டினால், கார் தன் ஸ்பிரிங்கில் ஆடினாலும் கட்டுத் தளராது. கூர்விளிம்பில் வார் உரசாமல் பார்த்து, காரைக் கியரில் விட்டு, கைபிரேக்கையும் இழுத்துவிடுக. புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி எல்லாக் கட்டையும் மீண்டும் இறுக்குக. முதற் குலுக்கலில் தளராத கட்டு அரிது.

விளக்குகளை மறத்தலாகாது. மேற்கு மகாராஷ்டிரத்தில் கரும்பு அரவைப் பருவத்தில் வாழ்ந்தோர், இரவில் விளக்கின்றிச் செல்லும் டிராக்டர்களின் பின்வண்டிகளைக் கண்டிருப்பர். அவற்றின்மேல் மோதும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கடைசி நொடிவரை முன்னால் ஒரு வண்டி இருப்பதே தெரியாது. டிரெய்லரின் பிரேக் விளக்கு, திருப்பு விளக்கு, பின்விளக்கு ஆகியவற்றை ஒருவர் பின்னே நிற்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒளியைத் திருப்பிக்காட்டும் சிவப்புப் பட்டையைப் பின்புறம் முழுதும் ஒட்டிவிட்டால், விளக்கு அணைந்தாலும் அது காக்கும்.

இனி ஓட்டும் முறை. தனியே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நம் பிக்கப்பின் இயக்க ஆற்றல் எவ்வளவோ, அவ்வளவு ஆற்றலை டிரெய்லரோடு கூடிய தொடர் 56 கிலோமீட்டர் வேகத்திலேயே அடைந்துவிடுகிறது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்குமடங்காகும். ஆகவே வழக்கமான வேகத்தை மறந்துவிடுக. முன் செல்லும் வண்டிக்கும் நமக்கும் நான்கைந்து நொடி இடைவெளி விடுக. நம் சாலைகளில் அந்த இடைவெளியில் யாரேனும் நுழைவர். நுழைந்தால் மீண்டும் பின்வாங்கி இடைவெளி விடுவதே வழி; அதனால் இழப்பது சில நிமிடமே.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் செய்யவேண்டியது என்ன? முதலில் செய்யக்கூடாதவை: பிரேக்கை அழுத்தி மிதிக்கலாகாது, ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கை அங்குமிங்கும் திருப்பலாகாது, வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நீக்கிவிடலாம் என்று எண்ணலாகாது. செய்யவேண்டியவை: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக உறுதியாகப் பிடித்திருங்கள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியே இயக்கும் பிடி இருந்தால் அதனை மெல்ல இயக்குங்கள். அது டிரெய்லரைப் பின்னோக்கி இழுத்து நேராக்கும். வேகம் குறைந்ததும் ஆட்டம் அடங்கும். பிறகு ஓரங்கட்டி, காரணத்தைக் கண்டு திருத்தாமல் மேற்செல்லற்க. பெரும்பாலும் அது பின்பாரமாகவோ, காற்றுக் குறைந்த டயராகவோ, மிகை வேகமாகவோ இருக்கும்.

மலை இறக்கம் தனியே பேசத்தக்கது. மும்பையிலும் புனேயிலும் வாழும் நேயர்கள் போர் காட் இறக்கத்தை அறிவர். கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும்போது சாலை ஏறத்தாழ 500 மீட்டர் தாழ்கிறது. 3,500 கிலோ எடையுள்ள நம் தொடர் 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 பாகைச் சூட்டிலுள்ள ஏறத்தாழ 60 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. அந்த வெப்பத்தில் ஒருபகுதியைக் காற்றின் தடையும் சக்கரத்தின் உராய்வும் ஏற்கும். மீதியை ஏற்கவேண்டியது எஞ்சினா, பிரேக்கா என்பதே கேள்வி. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பகுதியை ஏற்கும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால், முழுதும் பிரேக்கின் தலையில் விழும். ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்குக என்பது பழைய லாரிக்காரர்களின் விதி. டிரெய்லர் இழுக்கும்போது அதனினும் ஒரு கியர் தாழ்த்திக்கொள்வதில் இழுக்கில்லை. கியரை இறக்கம் தொடங்குமுன்னரே மாற்றுக. பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே செல்லாமல், ஒருமுறை உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துப் பின் விட்டுவிடுக. இடையில் அது ஆறட்டும். எரிந்த நாற்றம் வந்தால் உடனே ஒதுங்கி நின்று, தானே ஆறும்வரை காத்திருங்கள்.

திரும்பும்போது டிரெய்லரின் சக்கரம் பிக்கப்பின் சக்கரம் சென்ற வழியே வாராது, உள்வாங்கி வரும். ஆதலின் வளைவை அகலமாக எடுத்து, உட்புறத்தில் நடந்து செல்வோரையும் மிதிவண்டிக்காரரையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்க. பின்னோக்கிச் செலுத்துவது புதியவர்க்குக் குழப்பமானது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியை ஒருகையால் பிடித்து, டிரெய்லரின் வால் எப்பக்கம் போகவேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்தினால் அது அப்பக்கம் போகும். மெதுவாக, சிறுசிறு அளவாகச் செய்க. வழிகாட்டும் ஆள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கவேண்டும். இரு வண்டிகளுக்கும் நடுவே ஒருபோதும் நிற்கலாகாது. டிரெய்லரைக் கழற்றுமுன் அதன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே பூட்டைத் திறக்கவேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள். டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படவேண்டிய ஒன்று. பிக்கப்பின் காப்பீட்டுப் பத்திரத்தில் பின்வண்டியும் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்க. பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது இதனின் வேறானது. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள், அவ்வாறு இழுக்கும்போது வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது, இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கலாகாது என்று வகுத்தன. 2017இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. கயிற்றால் இழுப்பது அருகிலுள்ள பட்டறைவரை செல்வதற்கேயன்றி, ஊர்விட்டு ஊர் போவதற்கன்று. ஊரிலுள்ள காரை வேறு மாநிலத்துக்குக் கொணர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்போர் அங்கே புதுப் பதிவெண் பெறவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இறுதியாக ஒன்று சொல்ல விரும்புகிறோம். வண்டி ஒருவருடையது, அதனை ஓட்டுவது மற்றொருவர் என்பதே நம் நாட்டில் பெரும்பான்மை. அயல் மாநிலத்தில் கூலிக்கு ஓட்டும் தமிழர், மொழி முழுதும் வசப்படாத நிலையில், முதலாளி காட்டிய பாரத்தை மறுக்கத் தயங்குவார். "ஒரு நடைதானே, மெதுவாகப் போய்விடு" என்று சொல்பவர் அந்த வண்டியில் உட்காரப் போவதில்லை. பிரேக் பிடிக்காத இறக்கத்தில் ஸ்டீயரிங்கோடு தனித்திருப்பவர் ஓட்டுநரே. பின்னர் காவல் நிலையத்தில் விடை சொல்லவேண்டியவரும் அவரே. ஆகவே முதலாளியாக இருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடைச் சீட்டைப் பார்க்காமல் வண்டியை அனுப்பாதீர்கள். இவ்வண்டி இப்பாரத்துக்கு ஆகாது என்று ஓட்டுநர் சொன்னால், அதனைச் சோம்பல் என்று எண்ணாமல் காது கொடுத்துக் கேளுங்கள். ஓட்டுநர்களுக்கும் ஒரு சொல்: மறுக்கும்போது வாதாட வேண்டுவதில்லை. எடைத் தகட்டையும் எடை மேடையின் சீட்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். எண்களுக்கு எந்த மாநிலத்திலும் மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

கணக்குப் பொருந்தினால் துணிந்து செல்க. பொருந்தாவிட்டால் தட்டுத் தள லாரியை வாடகைக்கு அமர்த்துக. அந்த வாடகையை நட்டம் என்று எவரும் எண்ணவேண்டா. சாலையில் நம் எதிரே வருவோர் பெயர் தெரியாதவர்களே. ஆயினும் அவரவர் வீட்டிலும் ஒருவர் வாயிலைப் பார்த்துக் காத்திருக்கிறார்.